அடுத்த மடல் வரும்வரை

புதன்கிழமை பதினொரு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. நான், என் மகள், என் கொழுந்தன். பேச வேண்டியது ஒரே விஷயம்: என் கணவரின் மடல் இனிமேல் எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும்.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் வலிக்காரர்களுக்காகப் பதினோரு வருடம், புதன்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு, மின்னஞ்சலில் ஒரு மடல் அனுப்பிவந்தார். பெயர் ‘முழங்கால் மடல்’. ஒரு மடலுக்கு ஒரு பயிற்சி, கூடவே ஒரு பக்கம் பேச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்ததே இல்லை.

பதினொரு வாரத்துக்கு முன், கிளினிக்கில் ஒரு நோயாளியின் காலைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தபோது, அவர் இறந்தார். மடல்களை முன்கூட்டியே எழுதிக் கணினியில் ஏற்றி வைப்பது அவர் வழக்கம். அதனால் அவர் இல்லாமலே ஐந்து புதன்கிழமை மடல் போயிருக்கிறது. எனக்கு அது ஆறாவது வாரம்தான் தெரிந்தது. லேப்டாப்பைத் திறந்தபோது எட்டு மடல்கள் வரிசையில் நின்றன.

எட்டு வாரம். அப்புறம் ஒன்றும் வராது.

அட்டவணையில் ‘வாரம் ஒருமுறை’ என்று இருந்த இடத்தில் ‘மாதம் ஒருமுறை’ என்று மாற்றினேன். எட்டு வாரம் எட்டு மாதமாயிற்று. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் இறந்த செய்தியும் மடல் வாங்குகிறவர்களுக்குப் போகவில்லை. என் மகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறாள்; அந்த ஐந்து மடலும் வந்ததை அவளும் என்னிடம் சொல்லவில்லை. மடல் வரவில்லையே என்று அவள் கேட்டபோது, சர்வர் கோளாறு என்றேன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது.

“டாக்டர் வீடுங்களா?”

“ஆமா, சொல்லுங்க.”

“நான் பஸ் டிரைவரும்மா. ரிட்டயர் ஆயிட்டேன். நாலு வருஷமா டாக்டரோட மடல் வாங்கறேன். கீழ இந்த நம்பர் போட்டிருந்தது. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் இத்தனை நாளா கூப்பிடல.”

“பரவாயில்ல, சொல்லுங்க.”

“நேத்து அம்பது முடிச்சேன்மா.”

“என்ன அம்பது?”

“இறங்குபடிம்மா. பத்துல ஆரம்பிக்கச் சொன்னாரு. தினம் ரெண்டு ஏத்தச் சொன்னாரு. அடுத்த மடல் வரும்வரைன்னாரு. மடல் வரல. நானும் நிறுத்தல. இன்னிக்கு அம்பத்திரண்டு. ஆனா காலைல எழுந்து பார்த்தா முழங்கால் பூசணிக்கா மாதிரி இருக்கு. செய்யலாமா வேண்டாமான்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு...”

“செய்யாதீங்க” என்றேன்.

“நீங்களும் டாக்டருங்களா?”

“இல்ல.”

“அப்ப அவரே சொல்லட்டும்மா. அவர் சலிச்சுக்காதீங்கன்னு எழுதியிருக்காரு. நானா நிறுத்தினா சோம்பேறின்னு நினைச்சுக்குவாரு. எப்ப வருவாரு?”

நம்பரை எழுதிக்கொண்டேன். கூப்பிடச் சொல்கிறேன் என்றேன். யாரைக் கூப்பிடச் சொல்வேன் என்று அவரும் கேட்கவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு அந்த மடலைத் திறந்து படித்தேன். மூன்று வாரத்துக்கு முன் போனது. மாதக் கணக்குக்கு நான் மாற்றிய பிறகு போன முதல் மடல் அதுதான். ‘படியின் விளிம்பில் நில்லுங்கள். ஒரு குதிகால் கீழ்த் தரையைத் தொடும் அளவுக்கு மெல்ல இறங்கி, அதே மெதுவோடு மேலே வாருங்கள். முதல் நாள் பத்து. மறுநாள் பன்னிரண்டு. இப்படித் தினமும் இரண்டு கூட்டிக்கொண்டே போங்கள், அடுத்த மடல் வரும்வரை. எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். சலித்துக்கொள்ளாதீர்கள்.’

நான் பாடப்புத்தக அலுவலகத்தில் பிழை திருத்துகிறவள். அவருடைய எல்லா மடலையும் போல இதையும் அவர் ஏற்றுவதற்கு முன் படித்துக் கொடுத்தவள். இந்தப் பக்கத்தில் இரண்டு எழுத்துப்பிழை பார்த்தது நினைவிருந்தது. பதினோரு வருடமாக அவர் எழுதிய பயிற்சிகளில் ஒன்றைக்கூட நான் செய்து பார்த்ததில்லை. எனக்கு முழங்கால் வலி கிடையாது.

கொழுந்தன் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டார். வீட்டில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அண்ணனுடைய கிளினிக்கில் கூட வேலை பார்த்தவர், இப்போது தனியாக நடத்துகிறார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

“அண்ணி, நான் முடிவு பண்ணிட்டேன். வாரத்துக்கு ரெண்டு. புதனும் சனியும்.”

“மூணு பேரும் பேசி முடிவு பண்றதாத்தானே சொன்னீங்க?”

“பேசத்தான் வந்திருக்கேன். வாரத்துக்கு ஒண்ணுன்னா ஜனங்க மறந்துடறாங்க. இப்ப ஒழுங்கா வாரத்துக்கு ஒண்ணுகூடப் போகலன்னு கிளினிக்குக்கு வர்றவங்க சொல்றாங்க. அண்ணன் எழுதினது தீர்ந்ததும் நான் எழுதறேன். பேர் அண்ணன் பேராவே இருக்கட்டும்.”

“நீங்க எழுதுவீங்களா?”

கேட்டது என் மகள். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை, அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“ஏன், எழுத மாட்டேனா?”

“சித்தப்பா, என் கல்யாணத்துக்கு வாழ்த்து அட்டைல என்ன எழுதினீங்க?”

“என்ன எழுதினேன்?”

“கையெழுத்து மட்டும் போட்டீங்க. அதுவும் பாதிதான்.”

எக்ஸ்பிரஸ் சிரித்தார். அவரிடம் அந்த நல்ல குணம் உண்டு. “நீ என்ன சொல்ற?” என்றார்.

“அப்பா புதன்னா புதன். வாரம் ஒண்ணு. தீர்ந்ததும் நிறுத்திடணும்.” என்னைப் பார்த்துத் திரும்பினாள். “இன்னும் எத்தனை இருக்கும்மா? கணக்குப்படி ரெண்டு இருக்கணும்.”

“ஏழு.”

“ஏழு எப்படி? அன்னிக்கு எட்டு இருக்குன்னு சொன்னே. அப்புறம் இன்னியோட ஆறு புதன். சர்வர் கோளாறுன்னா, கோளாறு சரியானதும் மொத்தமா வந்து விழணும். ஒண்ணுதானே வந்தது?”

வரைபடம் போடுகிறவளிடம் அளவில் பொய் சொல்லக் கூடாது.

“கோளாறு எதுவும் இல்ல. நான்தான் மாசம் ஒண்ணுன்னு மாத்தினேன்.”

“எதுக்கு?”

“எட்டு வாரத்துல தீர்ந்துடும்.”

அவள் ஹெல்மெட்டை மேஜையில் வைத்தாள், எடுத்துத் தரையில் வைத்தாள். எக்ஸ்பிரஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்” என்றாள் கடைசியில். “ஒவ்வொரு புதனும் அஞ்சரைக்கே முழிச்சு உட்கார்ந்திருக்கேன்மா.”

எனக்கு அது தெரியாது. மகளும் நானும் தனித்தனி வீட்டில் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்திருக்கிறோம். அவள் மடல் வரும் என்று விழித்திருக்கிறாள். நான் இன்று வராது என்று தெரிந்து விழித்திருக்கிறேன்.

அப்போதுதான் டிரைவர் கூப்பிட்டதைச் சொன்னேன். அம்பது என்ற எண்ணைக் கேட்டதும் எக்ஸ்பிரஸ் திரும்பினார்.

“அம்பதா? எது? அந்த மடலைக் காட்டுங்க.”

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். படித்தார். முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணி, இது ஏழு நாளைக்குப் போட்ட கணக்கு. பத்துல ஆரம்பிச்சா ஏழாவது நாள் இருபத்திரண்டு வரும். அதோட நிக்கணும். அடுத்தது என்ன எழுதியிருக்காருன்னு பாருங்க.”

வரிசையில் காத்திருந்த அடுத்த மடலைத் திறந்தேன். முதல் வரி இது: ‘போன வாரம் கால் நிறைய உழைத்துவிட்டது. இந்த வாரம் படிப் பக்கமே போகாதீர்கள். ஒரு நாற்காலியில் உட்காருங்கள்.’

“பார்த்தீங்களா?” என்றார் எக்ஸ்பிரஸ். “ஒரு வாரம் ஏத்துவாரு, மறு வாரம் இறக்குவாரு. கிளினிக்லயும் அப்படித்தான். நான் நோயாளிகிட்ட ஏழு நாள், பத்து நாள்னு சொல்லி அனுப்புவேன். அவர் நாள் சொல்லவே மாட்டாரு. ‘நான் சொல்ற வரைக்கும் செய்யுங்க’ம்பாரு. நாள் சொன்னா நாலாவது நாளே விட்டுடுவாங்களாம்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். அதில் எத்தனை பேர் செய்கிறார்கள், எத்தனை பேர் படித்துவிட்டு மறக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. செய்கிறவர்கள் எல்லோரும் அன்று ஐம்பத்திரண்டில் நின்றார்கள்.

எக்ஸ்பிரஸ் டிரைவரைக் கூப்பிட்டார். தொழில் பேசும்போது அவர் வேறு ஆள். அவசரமே இல்லை.

“வணக்கம், நான் டாக்டரோட தம்பி, நானும் பிசியோதான். வீக்கம் தொட்டா சூடா இருக்கா? காலை ஊன முடியுதா? சரி. மடக்கினா? சரி, சரி. படி நிறுத்திடுங்க. ரெண்டு நாளைக்கு மாடி ஏறாதீங்க. துணில ஐஸ் சுத்தி வைங்க. இன்னிக்கே அங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க... இல்லைங்க, அவர் பேச முடியாது... ஆமா, அவரே சொன்னதா வெச்சுக்குங்க.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். காலையில் நான் சொன்னதைவிட அது பெரிய பொய் ஒன்றும் இல்லை.

“எல்லாருக்கும் உடனே ஒரு மெயில் போடணும்” என்றார். “ரெண்டு வரி. தொழில்நுட்பக் கோளாறு, மடல் தாமதம், பயிற்சியை நிறுத்தவும். அண்ணன் பேர்ல போட்டுடுங்க. முடிஞ்சது.”

“செத்துப்போனவர் எப்படி சித்தப்பா மெயில் போடுவாரு?” என்றாள் மகள்.

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. போய்விட்டார், தவறிவிட்டார், இல்லை என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

“பதினொரு வாரமா போட்டுக்கிட்டுத்தானே இருக்காரு?” என்றார் அவர். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“தள்ளிக்குங்க” என்றேன்.

அலுவலகத்தில் எனக்கு நன்றாக வரும் ஒரு வேலை உண்டு. அச்சாகிப் போய்விட்ட புத்தகத்தில் தப்பு தெரிந்தால், ஒரு துண்டுத் தாளில் பிழைதிருத்தம் அடித்து உள்ளே வைப்போம். அதில் வருத்தம் எழுதக் கூடாது. காரணம் சுருக்கமாக இருக்க வேண்டும். எதை எப்படி வாசிக்க வேண்டும் என்பது முதலில் வர வேண்டும். இருபது வருடமாக எழுதுகிறேன். பத்து நிமிடத்தில் முடிந்தது.

‘பிழைதிருத்தம். மூன்று வாரங்களுக்கு முன் வந்த இறங்குபடி மடலில் “அடுத்த மடல் வரும்வரை” என்று இருப்பதை “ஏழு நாட்கள் மட்டும்” என்று வாசிக்கவும். இருபத்திரண்டைத் தாண்டிச் செய்துகொண்டிருப்பவர்கள் இப்போதே நிறுத்தவும். வலியோ வீக்கமோ இருந்தால் இன்றே அருகில் உள்ள மருத்துவரிடம் காட்டவும்.

இந்தப் பிழை மடலை எழுதியவருடையது அல்ல. அவர் பதினொரு வாரங்களுக்கு முன் இறந்துவிட்டார். முன்பே எழுதி வைத்திருந்த மடல்களே உங்களுக்கு வந்தன. அவை சீக்கிரம் தீர்ந்துவிடாமல் இருக்க, வாரம் ஒன்று என்பதை மாதம் ஒன்று என்று மாற்றியது நான். மாற்றியிருக்கக் கூடாது. இன்னும் ஏழு மடல்கள் உள்ளன. இன்று முதல் பழையபடி வாரம் ஒன்று வரும். ஏழாவது மடலோடு முடியும்.

அவர் மனைவி.’

எக்ஸ்பிரஸ் என் தோளுக்கு மேலிருந்து படித்தார். “அண்ணி, இதை அனுப்பினா பாதிப் பேர் விலகிடுவாங்க.”

“விலகட்டும். வீங்காம இருந்தா போதும்.”

“அப்ப நான் எழுதறேன்னு சொன்னது?”

“உங்க பேர்ல எழுதுங்க தம்பி. புதுசா ஒண்ணு ஆரம்பிங்க. வாரத்துக்கு ரெண்டுன்னாலும் சரி, தினமும்னாலும் சரி. நான் பிழை பார்த்துத் தர்றேன்.”

அவர் முகம் சற்று வாடியது. ஆனால் மறுக்கவில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். “ஏழு வாரம்தாம்மா. சரியா?”

“சரின்னு இல்ல. வேற வழி இல்ல.”

அட்டவணையைத் திறந்தேன். ‘மாதம் ஒருமுறை’ என்பதன் மேல் அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். தினமும், வாரம் இருமுறை, வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை. பட்டியலின் கடைசியில் ‘நிறுத்தி வை’ என்றும் ஒன்று இருந்தது. அன்றுதான் அதைக் கவனித்தேன். அதைத் தேர்ந்தெடுத்தால் ஏழும் அப்படியே இருக்கும், தீரவே தீராது. யாருக்கும் போகாது என்பது மட்டும்தான் குறை.

‘வாரம் ஒருமுறை’யை அழுத்தினேன்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பிழைதிருத்தம் போயிற்று. ஒரு மணிக்கு நாற்காலி மடலை அனுப்பினேன். வரிசையில் ஏழு என்று இருந்த எண் ஆறு ஆயிற்று. மகள் எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஒன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. டிரைவர்.

“காலைலயே சொல்லியிருக்கலாம்லம்மா.”

“சொல்லியிருக்கலாம்.”

“அப்ப பதினொரு வாரமா நான்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது. “இன்னிக்கு வந்ததுல உட்காரச் சொல்லியிருக்காரும்மா. உட்கார்ந்துட்டேன்.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“சாயங்காலம் போறேன். நீங்க சாப்பிட்டீங்களா?”

இல்லை என்றேன். சாப்பிடுங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாப்பிட்டோம். மகள் அன்று மீதி அரை நாளும் லீவு என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டாள். எக்ஸ்பிரஸ் கிளினிக்குக்குப் போகாமல் லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தய வர்ணனை மாதிரி எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“விலகினவங்க பதினேழு... பத்தொன்பது. அண்ணி, பரவாயில்ல, நான் பயந்த அளவுக்கு இல்ல. பதில் நூத்திப் பத்து.”

மகள் ஒவ்வொன்றாகத் திறந்து வாய்விட்டுப் படித்தாள். பெரும்பாலும் இரண்டு வரி, மூன்று வரி. இரங்கல், நன்றி. முப்பத்திரண்டிலேயே நிறுத்திவிட்டேன் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மடல் வாங்குவது என் கணவர் பேரில், பயிற்சி செய்தது நான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு அம்மா. நான் ஆரம்பிக்கவே இல்லை, வெட்கமாக இருக்கிறது என்று ஒருவர். அந்த ஒருவருக்கு எக்ஸ்பிரஸ், “நல்லவேளை” என்று வாய்விட்டே பதில் சொன்னார்.

நாலு மணி வாக்கில் அவள் ஒரு கடிதத்தைத் திறந்து, படிக்க ஆரம்பித்து, நிறுத்தினாள். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

‘ஏழு என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு. எட்டாவது என்னிடம் இருக்கிறது.

நான் தையல் கடை வைத்திருப்பவள். ஒன்பது வருடமாக, எந்தப் பயிற்சியையும் மடலில் போடுவதற்கு முன் டாக்டர் எனக்கு அனுப்புவார். நான் ஒரு வாரம் செய்து பார்த்து எழுதுவேன். நான் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். அவரை நான் பார்த்ததில்லை, குரலும் கேட்டதில்லை. கடைசியாக அனுப்பியதற்கு நான் பதில் போடவில்லை. செய்தபோது வலித்தது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவரிடம் வலிக்கிறது என்று சொன்னதில்லை, அதனால் நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர் காத்திருந்திருப்பார். அதை என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.’

இரண்டு தடவை படித்தேன். பிழை எதுவும் இல்லை.

“யாரும்மா இவங்க?” என்றாள் மகள்.

“தெரியல.”

“உன்கிட்ட அப்பா சொன்னதே இல்லையா?”

“இல்ல.” அவர் எழுதியதை முதலில் படிக்கிறவள் நான் என்றுதான் பதினோரு வருடமும் நினைத்திருந்தேன். என்னிடம் வரும்போது அது ஏற்கெனவே ஒருத்தியின் முழங்காலில் ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் வந்திருக்கிறது.

எக்ஸ்பிரஸ் தொண்டையைச் செருமினார். “அதை வாங்கிடுங்க அண்ணி. இன்னும் ஒரு வாரம் கிடைக்கும்ல?”

“வலிச்சதுன்னு எழுதியிருக்காங்க சித்தப்பா. அதை எப்படி எல்லாருக்கும் அனுப்பறது?”

“திருத்திக்கலாம். நான் பார்த்துத் திருத்தறேன்.”

“நீங்க திருத்தினா அது உங்க மடல். அப்பா மடல் இல்ல.”

“அப்ப வலிக்கற மடலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே நீ?”

அவர்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்ற கணக்கு மனதில் ஓடியது, உண்மை. காலையில் இருந்த ஆளாக இருந்தால், அதை அனுப்பி வையுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். முன்பின் தெரியாத அந்தத் தையற்காரிக்கு ஒரே ஒரு வரி எழுதினேன்:

‘எத்தனையாவது தடவையில் வலிக்க ஆரம்பித்தது?’

என் பேர் போட்டு அனுப்பினேன்.